ஆதர் ஐயா செத்திருந்த பிற்பகல்

நான் ஒரு மனிதரைச் சாகடித்திருக்கிறேன். கத்தி, துவக்கு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு நாள் நண்பகல் பன்னிரண்டரையில் இருந்து பின்னேரம் நாலேகால் வரை அவர் செத்திருந்தார். பிறகு காரில் வந்து இறங்கித் தேநீர் கேட்டார்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. (அம்மா இதைத் தலைகீழாகச் சொல்வார்.) கொஞ்சக் காலம் கடலுக்குப் போனேன். கட்டாரில் கம்பி கட்டினேன், சைப்பிரசில் தோடம்பழம் பிடுங்கினேன், பாரிசில் கோப்பை கழுவினேன். அங்கே ஒன்பது பேர் ஒரே அறையில் முறை வைத்துப் படுத்தோம்; நித்திரை வந்ததோ இல்லையோ, முறை முடிந்தால் எழும்ப வேண்டும். எந்த இடத்திலும் நான் இரண்டு வருடம் தரித்ததில்லை.

கடைசியாக இங்கிலாந்தில், நெல்லியடிக்காரரான சிவா அண்ணை கடை வைத்திருந்த ஒரு கிராமத்துக்கு வேலைக்குப் போனேன். நாற்பது வீடு, ஒரு கிறிஸ்தவக் கோயில், பியர் விற்கும் ஒரு தவறணை, எங்கள் கடை. அவ்வளவுதான் ஊர். நான் தங்கிய வீடு, ஒல்லாந்தர் எங்கள் கோட்டையைப் பிடிப்பதற்கு முன்பே கட்டியதாம். வைக்கோல் கூரை, குனிந்து போக வேண்டிய வாசல். பழையது எதிலும் கை வைக்கக் கூடாது. யன்னலுக்கு வேறு நிறம் பூசுவதென்றாலும் அனுமதி வேண்டும். (குருநகரில் ஷெல் விழுந்த எங்கள் கூரைக்கு மூன்று முறை தகரம் மாற்றினோம். ஒருவரும் நிறம் கேட்கவில்லை.)

வீட்டுக்காரர் ஆதர் ஐயா, எண்பத்தொரு வயது, மனைவி இல்லை. வந்த முதல் நாளே என் கையில் சாவியைத் தந்து "இரு" என்றார். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. அதுவரை யாரும் எனக்கு அப்படிச் சாவி தந்ததில்லை. ஆனால் அவருடைய மகள் ஒருநாள் மிகவும் மரியாதையாக, அப்பாவுக்குப் பிறகு வீட்டை விற்றுவிடுவேன் என்று சொல்லியிருந்தார். ஊரில் வேறு அறை கிடையாது. ஆகவே ஐயா இருமினால் நான் மாடிப்படியில் நின்று, இருமல் முடியும் வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்று காலை அவருக்கு நெஞ்சு அடைத்தது. அம்புலன்ஸ் வந்தது. தானே ஏறி உட்கார்ந்து எனக்குக் கை காட்டினார். மகள் பின்னால் காரில் போனார். நான் கடை திறக்கப் போனேன். மகளின் தொலைபேசி இலக்கத்தை வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

பன்னிரண்டரைக்குக் கோயில் மணி அடித்தது. ஒற்றை மணி, விட்டு விட்டு. எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கரையில் வலை பொத்துகிறவன் ஊசியை வைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போடுவான். அதன் பிறகுதான் ஆர் என்று கேட்பான். நானும் போட்டேன். சிவா அண்ணை சைவக்காரர். ஆனாலும் வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார்.

"எண்பத்தொரு வயசு. காலமை அம்புலன்ஸ். இப்ப மணியும் அடிக்குது. பிறகென்னடாப்பா யோசிக்கக் கிடக்கு?" என்றார்.

எங்கள் ஊரில் செத்த வீட்டுக்காரர் ஒரு வேலையும் செய்யக் கூடாது. ஒழுங்கையில் இருக்கிற அயல்தான் எல்லாம் செய்யும். ஆதர் ஐயாவுக்கு ஒழுங்கையாக நான் ஒருவன்தான் இருந்தேன். ஊர் மண்டபத்தில் இருந்து நாற்பது கதிரை தூக்கி வந்து வீதியில் பரப்பினேன். என் கட்டில் விரிப்பைக் கிழித்து வெள்ளை கட்டினேன். கட்டுவதற்கு இடம் இல்லாததால் வாசல் உத்தரத்தில் மூன்று அங்குல ஆணி ஒன்றை அடித்தேன். நல்ல மரம். இறங்க மறுத்தது.

பெரிய பானையில் தேத்தண்ணி வைத்தேன். சனம் எட்டிப் பார்த்தது. என் ஆங்கிலத்தில் துக்கச் செய்தி சொல்லத் தெரியாது. ஆதர் முடிந்துவிட்டார் என்று கடைச் சாமானைச் சொல்வது போலச் சொன்னேன். பக்கத்து வீட்டு அம்மா அழுதுகொண்டு போய்க் கேக்கோடு வந்தார். தவறணையில் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினார்கள்.

உண்மையில் மணி அடித்தவர் புதுக் கயிறு போட்டு அதைச் சோதித்திருக்கிறார். (இது பிறகுதான் தெரியும்.) சாப்பிட வீட்டுக்குப் போனவர், மூன்று மணிக்குத் திரும்பி வரும் வழியில் செய்தி கேட்டுத் திடுக்கிட்டு, மறுபடி கோபுரத்தில் ஏறிவிட்டார். வயதுக்கு ஓர் அடி, நிமிடத்துக்கு ஒன்று. அது அவர்களின் பழைய முறை. எனக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் அந்த மணியோடு தீர்ந்தது.

இதற்கிடையில் குருநகருக்கும் அழைப்பெடுத்திருந்தேன். என் மனைவி ஸ்ரெல்லா, "இஞ்சேருங்கோ, அழாதேங்கோ. பின்னேரப் பூசை இன்னும் தொடங்கேல்லை. சாமியாரிட்டைச் சொல்லிப்போட்டு வாறன்" என்றாள். அவளுடைய தம்பி அன்ரன் அச்சகத்தில் வேலை. ஒரு படம் மட்டும் கேட்டான். என்னிடம் இருந்தது, ஊர் மரக்கறிக் கண்காட்சியில் பரிசு வாங்கிய பூசணிக்காயைக் கட்டிப்பிடித்தபடி ஐயா சிரிக்கும் படம். சிறிது நேரத்தில் கண்ணீர் அஞ்சலி எனக்கு வந்து சேர்ந்தது. 'இங்கிலாந்தைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட ஆதர் ஐயா'. பூசணிக்காயை வெட்டி எடுக்க அவனுக்கு நேரம் போதவில்லை. இறங்குதுறையில் இருந்து கோயில் வரை ஒட்டியாயிற்று என்று கீழே எழுதியிருந்தான்.

எழுபத்தாறாவது மணி அடித்தபோது மகளின் கார் வந்து நின்றது. இன்னும் ஐந்து அடி இருந்தது.

ஆதர் ஐயா இறங்கினார். கதிரைகளையும் கறுப்பு உடுப்புகளையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, செத்தது யார் என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். அந்த அம்மா கேக்கை நீட்டினார். ஐயா அதை வாங்கிக்கொண்டு என்னிடம் தேநீர் கேட்டார்.

நான் பானையை நிலத்தில் வைத்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்தேன். ஆஸ்பத்திரி மணம் அடித்தது. வெறும் வாய்வாம். மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் விக்கி விக்கி அழுதேன். அந்த நேரம் அறையைப் பற்றி நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதை இரண்டாவதாகத்தான் நினைத்தேன்.

மகளின் முகம் நன்றாக இல்லை. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நின்றேன். ஐயா கதிரைகளை எண்ணிப் பார்த்தார். எல்லாம் நீ ஒருவனாகவா தூக்கினாய் என்று கேட்டார். தலையாட்டினேன். மகளிடம் திரும்பி, "நான் உண்மையாகவே போகும்போதும் இவன்தான் கதிரை போட வேண்டும். போட்ட பிறகும் அவன் விரும்பும் வரை மாடி அறையில்தான் இருப்பான். எழுதி வைக்கப்போகிறேன்" என்றார். எழுதியும் வைத்தார்.

ஊர் என்னை அன்றே மன்னித்தது. ஆணியை மன்னிக்கவில்லை. பழைய கட்டடங்களைக் காப்பவர்களிடம் இருந்து ஆணியைப் பற்றி மட்டும் இரண்டு பக்கக் கடிதம் வந்தது.

ஆள் சாகவில்லை என்று ஸ்ரெல்லாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"பூசை முடிஞ்சுது. சாமியார் நல்ல பிரசங்கமும் வைச்சவர். இனிப் போய் என்னெண்டு சொல்லுறது?" என்றாள்.

அடுத்த வருடம் ஐயா, தனக்காக அழுத ஊரைப் பார்க்க வேண்டும் என்று என்னோடு குருநகருக்கு வந்தார். இறங்குதுறைச் சுவரில் அஞ்சலி வெயிலில் வெளுத்துப்போய் இன்னும் இருந்தது. அவர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்தார். மீன் விற்றுக்கொண்டிருந்த மாக்கிரட் அக்கா சுவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, உவர் உதிலை இருக்கிறவர் எல்லோ?"

"ஓம் அக்கா."

"அப்ப வேலையை விட்டுப்போட்டுப் பூசைக்குப் போன எங்களுக்கு என்ன மறுமொழி?"

நான் அதை ஐயாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். ஐயா தொப்பியைக் கழற்றிக் குனிந்து, தாமதத்துக்கு மன்னிக்கச் சொன்னார். அதைத் தமிழில் சொன்னேன். அக்கா ஒரு விளைமீனைத் திருப்பிப் போட்டபடி யோசித்தார்.

"பரவாயில்லை ஐயா. அவசரமில்லை. ஆறுதலாச் செத்தாப் போதும்" என்றார்.

குருநகரில் எங்கள் வீட்டில் இப்போது யார் எதற்குப் பிந்தினாலும் இதுதான் வரவேற்பு. போன மாதம் விமானத்தைத் தவறவிட்டு, ஒரு நாள் பிந்திப் பெட்டியோடு வாசலில் நின்றேன். ஸ்ரெல்லா கதவைத் திறந்தாள். சுகமா என்று கேட்கவில்லை.

"பரவாயில்லை, ஆறுதலாச் செத்தாப் போதும்" என்று பெட்டியை வாங்கினாள்.