டீச்சருக்குத் தெரியாமல் ஐந்து சொட்டு

இந்த மழைக்காலத்தில் தன் மனைவி ஒரே ஒரு தும்மல்கூடத் தும்மக் கூடாது. நானோ சார் தீர்மானித்துவிட்டார். பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது எடுத்த தீர்மானம். வாய் நிறைய நுரை இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

நானோ சார் என்பது ஆய்வகத்தில் அவருக்கு வைத்த பெயர். மூலிகைச் சாற்றை நானோ துகளுக்குள் அடைப்பது அவர் வேலை. ஒரு தலைமுடியின் தடிமனை ஐந்நூறு கூறு போட்டால் அதில் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு துகள். சாற்றை அப்படியே குடித்தால் பாதி வயிற்றிலேயே வீணாகிவிடும். மீதி கரையாமலே வெளியேறிவிடும். அதனால் அதைத் துகளாக்கி, மேலே ஒரு பூச்சுப் பூசி, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் பத்திரமாக அனுப்ப வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்திக்கு அது கைகொடுக்கும் என்பது ஆய்வகத்தின் நம்பிக்கை. பூசுவதில் நானோ சாரை மிஞ்ச ஆள் கிடையாது. மெழுகுவதிலும்தான் என்பார் அவர் மனைவி.

மனைவி ஒன்றாம் வகுப்புத் தமிழ் டீச்சர். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், முப்பத்தெட்டு மூக்குகள். மழை ஆரம்பித்தால் அத்தனையும் ஒழுகும். போன வருஷம் அப்படி வந்த சளி டீச்சரின் நெஞ்சுக்கு இறங்கி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தப் பத்து நாளும் உட்கார்ந்திருந்தார் நானோ சார். டீச்சர் மூச்சு இழுத்த அந்தச் சத்தம் இன்னும் அவர் காதை விட்டுப் போகவில்லை.

அதனால் முதலில் நேர்வழியில்தான் முயன்றார்.

"ஏம்மா, எங்க ஆய்வகத்துல நிலவேம்புச் சாறு தயார். நானோ துகள். துளி கசப்பு தெரியாது. தினம் அஞ்சு சொட்டு போதும்."

"மனுஷங்களுக்குக் குடுத்துப் பாத்தாச்சா?"

"இன்னும் இல்ல. எலிக்குக் குடுத்துக்கிட்டிருக்கோம்."

"அப்ப எலிக்கே குடுங்க."

"உன் எதிர்ப்புச் சக்திக்காகத்தான் சொல்றேன்."

"எனக்கு எதிர்ப்புச் சக்தி இருக்குங்க. இப்ப எதிர்க்கிறேன் பாருங்க. வேண்டாம்."

பேச்சு அத்தோடு முடிந்தது. அன்று சாயங்காலம் அந்தச் சாற்றின் பதினேழாம் தொகுதியில் இருந்த இருபத்துநான்கு குப்பிகளில் ஒன்று நானோ சாரின் சட்டைப் பைக்குள் ஏறி, பஸ் பிடித்து, வீட்டுச் சமையலறையில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டது.

மறுநாள் காலை அவர் டீ போட்டார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் முதல் டீ. டீத்தூள் டப்பாவைக் கண்டுபிடிக்கவே ஏழு நிமிஷம் ஆனது. பால் பொங்கி அடுப்பை அணைத்தது. ஐந்து சொட்டை மட்டும் ஆய்வகத்தில் விடுவதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டார்.

டீச்சர் டம்ளரைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கென்ன? கட்டின மனைவிக்கு ஒரு டீ போட்டுக் குடுக்கக் கூடாதா?"

"கூடாதுன்னு சொல்லல. பதினாறு வருஷமா ஏன் கூடி வரலைன்னுதான் யோசிக்கிறேன்."

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது டம்ளர் காலி. நானோ சார் தன் டைரியில் எழுதினார்: 'நாள் ஒன்று. தும்மல் இல்லை.'

நாள் இரண்டு, தும்மல் இல்லை. நாள் மூன்று, நாள் நான்கு, இல்லவே இல்லை. வெளியே மழை கொட்டுகிறது, பஸ்ஸில் எல்லோரும் இருமுகிறார்கள், டீச்சரின் மூக்கு மட்டும் சுத்தமாக இருக்கிறது! எட்டாம் நாள் கண்ணாடி முன் நின்று தன் தோளைத் தானே தட்டிக்கொண்டார். மனதுக்குள் ஒரு மேடை, மாலை, மைக் எல்லாம் தயாராகிவிட்டது. 'இந்த வெற்றியை என் மனைவிக்குக் காணிக்கையாக்குகிறேன். அவருக்கே தெரியாமல் செய்த தியாகம் அது.'

ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு ஆய்வக டைரக்டரம்மா எல்லோரையும் கூப்பிட்டார்.

"பதினேழாம் தொகுதியில துகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. நாலு எலி சாப்பிடாம சுருண்டு கிடக்கு. கல்லீரல் வீங்கியிருக்கு. இருபத்துநாலு குப்பியையும் எண்ணிப் பாத்து இன்னைக்கே அழிச்சிடுங்க."

நானோ சார் மனக்கணக்குப் போட்டார். எட்டு நாள், தினம் ஐந்து சொட்டு, இன்று காலையும் சேர்த்து நாற்பத்தைந்து! மேடை சரிந்தது. மாலை நழுவியது. காதுக்குள் அந்த ஆஸ்பத்திரி மூச்சு மறுபடி கேட்டது.

குளிர்பெட்டியைத் திறந்து எண்ணினார். இருபத்துநான்கு. திரும்ப எண்ணினார். இருபத்துநான்கேதான். எடுத்துக்கொண்டு போன குப்பி எப்படித் திரும்பி வந்தது? எண்ணிக்கை சரியாக இருப்பதைப் பார்த்து அவ்வளவு பயந்த மனிதர் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

டைரக்டரம்மாவிடம் போய் அரை நாள் லீவு கேட்டார். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"வீட்டுல டீச்சர் சௌக்கியம்தானே?"

நானோ சார் அதற்குள் வாசல் பக்கம் திரும்பியிருந்தார்.

"போங்க. போய்ப் பேசுங்க."

மழையால் அன்று பள்ளிக்கூடங்களுக்கு லீவு; டீச்சர் வீட்டில்தான் இருப்பார். பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை. மழையில் ஓடினார். கதவைத் திறந்தால், டீச்சர் சாப்பாட்டு மேஜையில் காகிதங்களைப் பரப்பி வைத்துச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தார்.

"நாக்கை நீட்டு! கண்ணைக் காட்டு! பசிக்குதா? மதியம் சாப்பிட்டியா? சுருண்டு படுக்கணும் போல இருக்கா?"

"முதல்ல தலையைத் துவட்டுங்க."

"தலை கிடக்கட்டும்மா! உன் கல்லீரல்!"

சொட்டச் சொட்ட நின்றபடி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். குப்பி, பருப்பு டப்பா, சொட்டு, எலி, ஒன்றையும் பூசி மெழுகவில்லை. "வா, உடனே டாக்டர்கிட்ட போவோம். என்னை அப்புறமா அடி."

டீச்சர் பேனாவை மூடி வைத்தார்.

"முடிஞ்சுதா?"

"ம்."

"நான் அதுல ஒரு சொட்டுகூடக் குடிக்கல."

நானோ சார் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

"முதல் நாள் டீ?"

"சர்க்கரைக்குப் பதிலா உப்புப் போட்டிருந்தீங்க. வாயில வெக்க முடியல. சிங்க்ல ஊத்திட்டேன்."

உப்பு என்ற பொருளுக்குத் தன் வாழ்நாளில் நானோ சார் அவ்வளவு நன்றி சொன்னதில்லை.

"அதுக்கப்புறம்?"

"நீங்க குளிக்கப் போனதும் பருப்பு டப்பாவுக்குப் பின்னாடி பாத்தேன். குப்பியில இருந்ததை அப்படியே வேற குப்பிக்கு மாத்தி, உங்க டைரக்டரம்மாவுக்குப் போன் பண்ணி, கொண்டுபோய்க் குடுத்துட்டேன். அவங்க அதை லேப் குப்பியில ஊத்திப் பெட்டியிலேயே திரும்ப வெச்சுட்டாங்க. அவங்க பையன் போன வருஷம் என் கிளாஸ்தானே?"

"அப்ப நான் தினமும் ஊத்தினது?"

"கீரை வேகவெச்ச தண்ணி. தினமும் புதுசா மாத்தினேன். கெட்டுப்போன தண்ணியை எனக்குக் குடுத்துடக் கூடாதில்ல?"

"பருப்பு டப்பான்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

"பையில எதையாவது ஒளிச்சு வெச்சிருக்கிற பிள்ளை அந்தப் பையையேதான் பாத்துக்கிட்டிருக்கும். நீங்க அந்த டப்பாவை விட்டுக் கண்ணை எடுக்கல."

நானோ சார் அப்படியே தரையில் உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது. கூடவே கண்ணிலும் ஏதோ வந்தது. மழைத்தண்ணீரோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப ஒன்பது நாளா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"காலையில படுக்கைக்கே டீ வருது. மூணாம் நாள்லேருந்து நல்லாவும் இருந்துது. நான் எதுக்குச் சொல்லணும்?"

அவருக்குள் இருந்த விஞ்ஞானி கடைசியாக ஒரு தடவை எழுந்து பார்த்தார். "சரி, மருந்தே குடிக்காம உனக்கு எப்படிச் சளி பிடிக்கல?"

"ரெண்டு வாரமா பாடப் புத்தகம் திருத்துற வேலைக்குப் போட்டிருக்காங்க. ஒரு பிள்ளை முகத்தைக்கூடப் பாக்கல. சொன்னேனே. 'ம்'னீங்க."

விஞ்ஞானி உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் துண்டை எடுத்துவந்து தானே அவர் தலையைத் துவட்டினார். "இவ்வளவு பயமா?"

"போன வருஷம் நீ மூச்சு விட்ட சத்தம்..."

"தெரியும். அதனாலதான் உங்களைத் திட்டல. ஆனா கேட்டிருக்கணும்."

"கேட்டேனே. எலிக்கே குடுங்கன்னு சொன்னே."

"அதுக்குப் பேருதாங்க பதில்."

"வேலை..." என்று இழுத்தார் நானோ சார்.

"போயிருக்கும். நான்தான் மன்றாடினேன். 'தண்டனையை என்கிட்ட விட்டுடுங்க, எனக்குப் பழக்கம்'னு சொன்னேன். ஒத்துக்கிட்டாங்க."

ஒரு கோடு போட்ட நோட்டு அவர் முன்னால் வந்து விழுந்தது. முதல் வரியை டீச்சரே எழுதியிருந்தார்: 'பிறர் பொருளைக் கேட்காமல் எடுக்க மாட்டேன். மருந்தைச் சொல்லாமல் கலக்க மாட்டேன்.' நூறு தடவை. நாளைக்கு டைரக்டரம்மா பார்த்துக் கையெழுத்துப் போடுவாராம்.

நானோ சார் சந்தோஷமாக எழுதினார். மனைவி நன்றாக இருக்கிறாள், வேலை இருக்கிறது, விரல் வலியெல்லாம் ஒரு வலியா? வெளியே மழை விட்டிருந்தது. ஐந்து மணிக்கு நூறாவது வரிக்கு முற்றுப்புள்ளி வைத்து, பெருமையாக நோட்டை நீட்டினார்.

டீச்சர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சிவப்புப் பேனா ஓரிடத்தில் நின்றது.

"பதினோராவது வரியில 'மருந்தை'க்கு அப்புறம் ஒற்று எங்கே? முதல்லேருந்து எழுதுங்க."