பழுது எதுவும் தென்படவில்லை

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். அதாவது தூக்கம் வருகிறது, பசிக்கிறது, கைகால் வேலை செய்கின்றன. இப்படி விவரமாகச் சொல்வதுதான் என் வழக்கம், உங்கள் குடும்பத்துக்கும் எனக்கும் தகராறே அதில்தான்.

லிஃப்ட் பழுது பார்ப்பவன் நான். "லிஃப்ட் சரியில்லை தம்பி" என்று ஒருவர் போன் செய்தால் விடமாட்டேன். எந்த மாடி, கதவு மூடுகிறதா, என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவேன். உங்கள் வீட்டிலோ எல்லாவற்றுக்கும் ஒரே சொல், "உடம்பு சரியில்லை." மேலதிகாரி முறைத்தால் மச்சானுக்கு உடம்பு சரியில்லை. பிடிக்காத சொந்தக்காரர் படியேறினால் அத்தைக்குச் சரியில்லை, அவர் தெருமுனை திரும்பியதும் குணமாகிவிடுகிறது. உங்களுக்குக் கோபம் வரலாம், ஆனால் பீரோவை நகர்த்த வேண்டிய அன்றைக்கு மட்டும் உங்களுக்கு வருவது என்ன வியாதி மாமா?

போன செவ்வாய்க்கிழமை காலை நான் கருவிப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது உங்கள் மகள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"உடம்பு சரியில்லைங்க."

"எங்க?"

"எங்கன்னா? உடம்புதான்."

"தலையா, வயிறா? விட்டு விட்டு வருதா, தொடர்ந்து இருக்கா?"

"தெரியல."

தெரியலன்னா எப்படி? மோட்டார் சூட்டைத் தொடாமலே அளக்கும் துப்பாக்கி மாதிரிக் கருவி பையிலேயே இருந்தது. "அசையாத" என்று சொல்லி நெற்றி, கழுத்து, முதுகு எல்லாம் பார்த்தேன். எங்கும் கோளாறில்லை. "பழுது எதுவும் தென்படல. ஓட விட்டுப் பாப்போம்" என்றேன். எங்கள் தொழிலில் இது நல்ல செய்தி. கேட்டவர்கள் சந்தோஷமாகத் தேநீர் கொடுப்பார்கள். உங்கள் மகள் பெட்டியை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அங்கே போன் செய்தால் மச்சான், "அக்காவுக்கு உடம்பு சரியில்ல, பேச முடியாது" என்கிறான். பின்னாலேயே அவள் சிரிக்கிற சத்தம் கேட்கிறது! பிறகு நீங்கள் போனை வாங்கி, அத்தை காதில் விழாமல் கிசுகிசுத்தீர்கள்: "மாப்ள, அவ அப்படிச் சொன்னா கருவிய எடுக்கக் கூடாது. தோள்ல இருக்கிற பைய எறக்கி வெக்கணும். அவ்வளவுதான்."

"பைய வெச்சா உடம்பு எப்படி மாமா சரியாகும்?"

"வெச்சுப் பாத்திருக்கீங்களா?"

இதெல்லாம் ஒரு பதிலா? ஒன்று அவளை அனுப்பி வையுங்கள், அல்லது என்ன குறை என்று தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள். ஊகத்தில் வேலை செய்ய எனக்கு வராது.

அத்தைக்கு என் வணக்கம். அவர்கள் உடம்பு எப்படி என்று கேட்கவில்லை; நான் வருவது தெரிந்தால் எப்படியும் சரியில்லாமல் போகும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன். இன்று காலை வேலைக்குக் கிளம்பினேன். வாசற்படியில் யாரும் இல்லை. திரும்பி உள்ளே வந்து என் நெற்றியிலேயே கருவியைப் பிடித்தேன், எல்லாம் சரியாகத்தான் காட்டுகிறது. ஆனால் நேற்று ராத்திரி எடுத்து வைத்த சாப்பாடு அப்படியே இருக்கிறது, தூக்கமும் இல்லை; மேலே தூக்கம், பசி என்று எழுதியதை அடித்துவிடுங்கள். மாமா, எனக்கு உடம்பு சரியில்லை. எங்கே என்று கேட்டால் தெரியாது. அவளிடம் சொல்லுங்கள், பையைக் கீழே வைத்துவிட்டேன்.