சிபாரிசுக்கு ஓர் ஆட்சேபம்

மனு வந்த மூன்று நாளில் ஒப்புகை, முப்பது நாளில் பதில். அரசாணை அப்படித்தான் சொல்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் அதை முழுதாக நம்பிய ஒரே மனிதர் டென்மார்க். வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்த அரசாணையைப் பீரோவில் பூட்டி வைத்திருந்த நானே நம்பியதில்லை.

டென்மார்க், நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகை விவசாயி. மதுரை தாண்டிப் போனதில்லை. ஆனால் செல்போனில் உலகச் செய்தி பார்த்துப் பார்த்து, எந்த நாட்டில் சட்டம் பெரியது, எந்த நாட்டில் மந்திரியின் மச்சான் பெரியவர் என்று தரவரிசையே வைத்திருந்தார். முதலிடம் டென்மார்க்குக்கு. பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். டீக்கடையில் யாராவது வரிசையை முந்தினால் "இதே சிங்கப்பூரா இருந்தா" என்று ஆரம்பிப்பார். முடிப்பதற்குள் எல்லோருடைய டீயும் ஆறிவிடும்.

அவர் தோட்டத்துக்குப் போகும் பொது வண்டிப்பாதையில், ஆளுங்கட்சிப் பிரமுகரின் மச்சான் தகரக் கொட்டகை போட்டார். பூ ஏற்றும் வேன் உள்ளே வர முடியவில்லை. டென்மார்க்கும் மனைவியும் விடியலில் பறித்த மொட்டுகளைத் தலைச்சுமையாக மெயின் ரோட்டுக்குத் தூக்கினார்கள். வேன் காத்திருக்காது, பிந்திப்போய் விரிந்த மல்லிகையைச் சந்தையில் யாரும் சீண்ட மாட்டார்கள். ஒரு சீசன் இப்படியே போனால் தோட்டத்தை விற்க வேண்டியதுதான்.

மனு கொடுத்தார். ஆளை வைத்துப் பேசுங்கள் என்றேன்.

"எதுக்கு சார்? டென்மார்க்குல மந்திரியே சைக்கிள்ல போறாரு."

"இங்க சைக்கிள் விடவும் ஒரு ஆள் வேணும்யா."

மூன்று மாதம் கோப்பு அசையவில்லை. பிறகு எதிர்க்கட்சிப் பிரமுகர், கொட்டகைக்காரரைச் சீண்டுவதற்காக, யாரும் கேட்காமலே டென்மார்க்குக்கு ஆதரவாகச் சிபாரிசுக் கடிதம் அனுப்பினார். கோப்பு துள்ளி எழுந்தது. சர்வேயர் அளக்கத் தேதி குறித்தார். மறுநாளே டென்மார்க் வந்து ஒரு தாளை நீட்டினார்: தமக்காக வந்த சிபாரிசை எதிர்த்து ஓர் ஆட்சேப மனு.

ஆட்சேபத்தைத் தீர்க்காமல் மூல மனுவைத் தொடக் கூடாது. அளவை நின்றது. கூட வந்த மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இந்த மனுசனுக்குக் கொட்டகைக்காரனே தேவல சார்."

டென்மார்க் அசரவில்லை. "ஒருத்தரு பேரைச் சொல்லி வந்த கொட்டகை, இன்னொருத்தரு கடுதாசில போச்சுன்னா, அடுத்த கடுதாசில திரும்ப வந்துரும் சார். சட்டத்துல போகட்டும்."

கோப்பைத் தூங்க வைக்கும் வழிகள் அனைத்தும் எனக்குத் தெரியும். அன்றுதான் எழுப்பும் வழியைத் தேடினேன். சிபாரிசுக் கடிதத்தைத் 'தொடர்பற்றது' என்று தனியே முடித்து, புதிதாக வந்திருந்த வட்டாட்சியர் அம்மாவிடம் கோப்பை வைத்தேன். ஆட்சேப மனுவை இரண்டு முறை படித்துச் சிரித்தார். சட்டப்படி என்ன செய்யணும் என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"அளவை, நோட்டீஸ், அப்புறம் ஜேசிபி, மேடம்."

"அப்ப அதையே எழுதுங்க."

அளந்தார்கள். நோட்டீஸ் போனது. கொட்டகையும் போனது. வேன் தோட்டம் வரை வந்தது. டென்மார்க்குக்கான பதிலில் ஒரு வரியை நானே சேர்த்தேன்: 'இந்த நடவடிக்கை எவருடைய சிபாரிசின் பேரிலும் எடுக்கப்படவில்லை.' முப்பது வருடம் எழுதியதில் அந்த ஒரு வரிதான் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற தேதியைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன். டென்மார்க் கைக்குப் பதில் போய்ச் சேர்ந்த தேதிக்கு யோசிக்க வேண்டியதில்லை: ஆகஸ்ட் பன்னிரண்டு.