ரேம் போட்டால் சரியாகிவிடும்

மூடியிருக்கிற கணினியை மூடியபடியே விட்டுவைக்க முடியாத ஒரு வகை மனிதர் உண்டு. உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பார். வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கூடத்தில் இருக்கும் கணினியைப் பார்த்திருப்பார், அதன் காற்றாடி போடும் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டிருப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல அதன்மேல் உள்ளங்கையை வைத்திருப்பார், பிறகு உங்களைப் பார்த்து, நீங்கள் நலமா என்று கேட்க வேண்டிய இடத்தில், "எத்தனை ஜிபி போட்டிருக்கீங்க?" என்று கேட்டிருப்பார். அவர்தான். அவருக்கு ரேம்காரர் என்று பெயர் வைத்துவிடுவோம்.

ரேம்காரருக்கு இது தொழில் அல்ல. தொழிலாக இருந்தால் பயமில்லை. தொழில்காரன் கூப்பிட்டால்தான் வருவான். இவர் பகலெல்லாம் வேறு எங்கோ வேலை பார்க்கிறார். எனக்கு வாய்த்தவர் காப்பீட்டு அலுவலகத்தில் கடிதம் பிரித்து அடுக்குகிறவர். என் மனைவியின் அக்காள் கணவர், அதாவது எனக்குச் சகலை. இப்படிப்பட்டவர்களை நாம் தேடிப் போக வேண்டியதில்லை, உறவுமுறையோடுதான் வந்து சேர்வார்கள்.

உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் இவரிடம் ஒரே மருந்துதான். கணினி மெதுவாகத் திறக்கிறதா? ரேம் போடணும். படம் நின்று நின்று ஓடுகிறதா? ரேம் போடணும். அச்சுப்பொறியில் காகிதம் சிக்கிக்கொண்டதா? அதற்கும் ரேம்தான், எப்படி என்று கேட்டால் அரை மணி நேரம் விளக்குவார். வங்கியில் வரிசையில் நிற்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண்ணைப் பார்த்து, "உங்க மெஷினுக்கு நினைவகம் பத்தலைம்மா" என்று இரங்குவார். ஒருமுறை துக்கம் கேட்கப் போன வீட்டில், இறந்துபோன பெரியவரின் மேஜைக்கு எதிரே சிறிது நேரம் கைகட்டி நின்றார். கண் கலங்கியிருக்கிறதே என்று நான் தோளைத் தொட்டேன். "பாவம் சகலை, கடைசி வரைக்கும் ரெண்டு ஜிபியிலயே ஓட்டிட்டுப் போயிட்டாரு" என்றார்.

ரேம் என்றால் என்ன என்று இவரிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வார், அது வேறு விஷயம். "அலமாரி இருக்கில்ல, அது ஹார்டு டிஸ்க். மேஜை இருக்கில்ல, அதுதான் ரேம். மேஜை பெருசா இருந்தா நிறைய காகிதத்தை விரிச்சு வச்சு வேலை பார்க்கலாம். சின்னதா இருந்தா ஒண்ண எடுத்து வச்சுட்டுத்தான் இன்னொண்ண எடுக்கணும். புரியுதா?" நன்றாகப் புரிகிறது. புரியாதது ஒன்றுதான். இவ்வளவு தெரிந்தவர் வீட்டில் சாப்பாட்டு மேஜை முழுக்கத் திறந்துபோட்ட கணினிகளும் அவிழ்த்த கம்பிகளும் கிடக்க, குடும்பமே தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றபடி சாப்பிடுகிறதே, அது ஏன்? அவருடைய சொந்தக் கணினியோ, பொத்தானை அழுத்திவிட்டுப் போய்ச் செடிகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாலும் கண் விழித்திருக்காது. ஊராருக்கு உழைக்கிறவருக்குத் தன் வீட்டைப் பார்க்க நேரம் ஏது?

இவருடைய ஆயுதங்கள் மூன்று. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர். கைப்பையில் ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர் ஒன்று. ரப்பரைக் கேவலமாக நினைக்காதீர்கள், பூஜையே அதில்தான் இருக்கிறது. முதலில் ஜன்னல் கம்பியைத் தொட்டு உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிக்கொள்வார். பிறகு விரல் நீளத்துக்கு இருக்கும் அந்த ரேம் பட்டையை எடுத்து, அதன் ஓரத்தில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்ப்பார். ஊதுவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தில் பிடிப்பார். மறுபடியும் தேய்ப்பார். பற்கள் பளபளவென்று மின்னியதும் டப்பாவில் போடுவார்.

டப்பாவில் இருப்பதெல்லாம் என்ன என்கிறீர்களா? இதுவரை ஊரார் கணினிகளிலிருந்து 'வேலை செய்யலை' என்று இவர் கழற்றிய ரேம்கள். எதையும் தூக்கிப் போடுவதில்லை. "செத்ததுன்னு சொல்லாதீங்க சகலை. ரப்பர் போட்டா எந்திரிச்சு உட்காரும்." அப்படி எழுந்து உட்கார்ந்த ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. வேலை முடிந்து மூடும்போது ஒரு திருகாணி மிச்சமாகும், தவறாமல் ஆகும். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "கம்பெனிக்காரன் ஒண்ணு அதிகமா வச்சிருக்கான்" என்பார்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் மனைவி கட்டட வரைபடம் வரைகிறவள். ஒன்பது வருடம் ஒரு நிறுவனத்தில் உட்கார்ந்து யார் யாருடைய கட்டடங்களுக்கோ படிக்கட்டும் கழிவறையும் வரைந்தாள். கீழே கையெழுத்து எப்போதும் வேறொருவருடையது. போன மாதம்தான் அவள் பேரிலேயே முதல் வேலை வந்தது. குழந்தைகள் மருத்துவமனை ஒன்று, இரண்டு மாடி. திருத்திய வரைபடத்தைச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். மூன்று நாள் திருத்தம் முழுவதும் அவளுடைய லேப்டாப்பில் மட்டுமே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை இரண்டரை மணிக்குச் சகலை வந்தார். இரண்டு மாதம் முன்பு வந்தபோதே அந்த லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் கையில் வாங்கி ஏதேதோ செய்துவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்து அது மெதுவாகிக்கொண்டே வந்தது. இரண்டையும் நாங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார். முகத்தில் எத்தனை மலர்ச்சி!

"ஏம்மா, இதை வச்சுக்கிட்டா வேலை பார்க்கிறே? ரேம் போட்டா சரியாயிடும். பத்து நிமிஷ வேலை."

"இன்னைக்கு வேணாம் அத்தான். நாலு மணிக்கு அனுப்பியாகணும். நாளைக்கு என்ன வேணா பண்ணுங்க."

"நாலு மணிக்குத்தானே? இப்ப ரெண்டரைதானே?"

"அத்தான், கெஞ்சிக் கேக்கறேன். தொடாதீங்க."

"சரி சரி, தொடலை" என்று கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அவளுக்குப் போன் வந்தது. மருத்துவமனைக்காரர்கள். படிக்கட்டின் அகலத்தில் ஏதோ சந்தேகம். அவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். சகலை என்னைப் பார்த்தார். நான் சகலையைப் பார்த்தேன்.

"அவ பேசிட்டு வர்றதுக்குள்ள முடிச்சிடலாம். வந்து பார்த்தா பறக்கும். ஆச்சரியப்படுவா. டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க சகலை."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். நான் போனில் டார்ச்சைப் போட்டுப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பெரியவர், உறவுக்காரர், தன்னம்பிக்கையோடு பேசுகிறார், பிடி என்றதும் கை தானாக நீண்டுவிட்டது.

ஜன்னல் கம்பியைத் தொட்டார். லேப்டாப்பை அணைத்துக் கவிழ்த்து அடிமூடியைத் திறந்தார். உள்ளே இருந்த ரேமை நெம்பி எடுத்து, "பத்திரமா இருக்கட்டும்" என்று பிஸ்கட் டப்பாவில் போட்டார். அதே டப்பாவில்! பிறகு அதே டப்பாவைக் கிளறி, "இதுதான் பெருசு, ஒரு ஆபீஸ்ல ஓடலைன்னு கழட்டினது" என்று வேறொன்றை எடுத்து, தேய்த்து, ஊதி, மாட்டினார். பொத்தானை அழுத்தினார். திரை கறுப்பாகவே இருந்தது. லேப்டாப் மூன்று முறை பீப் என்றது.

"மூச்சு விடுது" என்றார்.

இரண்டாவதைத் தேய்த்து மாட்டினார். மூன்று பீப். மூன்றாவது. மூன்று பீப். சகலையின் நெற்றியில் வியர்வை வந்தது. எனக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது.

"போதும், பழசையே மாட்டிடுங்க" என்றேன்.

"அதைத்தான் நானும் தேடறேன்" என்றார் மெதுவாக.

டப்பாவைப் பார்த்தேன். இருபதுக்குக் குறையாமல் கிடந்தன, அத்தனையும் பச்சை, அத்தனையும் ஒரே நீளம். "அவளோட ரேம் மேல ஒட்டியிருந்த சீட்டுல என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டேன். "டார்ச் பிடிச்சது நீங்கதானே, நீங்க பார்க்கலையா?" என்று அவர் என்னைக் கேட்டார். ஒவ்வொன்றையும் மாட்டி, அழுத்தி, காத்திருந்து, கழற்ற ஐந்து நிமிடம். இருபதுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பால்கனிக் கதவு திறந்தது. மணி மூன்றேகால்.

அவள் மேஜையைப் பார்த்தாள். கவிழ்ந்து கிடந்த லேப்டாப்பைப் பார்த்தாள். என் கையில் எரிந்துகொண்டிருந்த டார்ச்சைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முகம் வெளிறிப்போயிற்று, ஒன்பது வருடமும் அந்த இரண்டு கண்ணில் வந்து நின்றது.

"என்னோடது எங்கே?" என்றாள்.

"இதுலதாம்மா இருக்கு, பத்திரமா" என்று சகலை டப்பாவைக் காட்டினார்.

அவள் டப்பாவுக்குள் குனிந்து பார்த்தாள். சகலை பதற்றத்தில் அடுத்த பட்டையை எடுத்து, பழக்க தோஷத்தில் ரப்பரைக் கையில் எடுத்தார். அவள் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தேய்க்காதீங்க! அத்தான், உண்மையச் சொல்லுங்க. இந்த டப்பாவுல நீங்க ரப்பர் போட்டுத் தேய்க்காதது எத்தனை இருக்கு?"

அந்த நிலையிலும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னம்மா இப்படிக் கேட்டுட்டே? என் கைக்கு வந்த ஒண்ணையும் நான் தேய்க்காம விட்டதே இல்லை."

"என்னோடதை?"

"அதுக்கு நேரம் எங்கே இருந்துச்சு? எடுத்து அப்படியே போட்டேன்."

அவள் டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தாள். ஒரு வெள்ளைத் தாளை விரித்து, பட்டைகளை ஒவ்வொன்றாக அதன்மேல் அடுக்கினாள். எல்லாமே பல்லைக் காட்டிப் பளபளவென்று சிரித்தன. பதினாலாவது மட்டும் சிரிக்கவில்லை. பற்கள் மங்கி, ஓரத்தில் நான்கு வருடத் தூசி பஞ்சுபோல ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டுத் தூசி. அதை நான் கூட்டிப் பெருக்கவில்லை என்று எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அதைக் கும்பிடத் தோன்றியது.

சகலையின் கை மறுபடியும் ரப்பரை நோக்கி நகர்ந்தது. "அத்தான், அந்த நாற்காலியில போய் உக்காருங்க" என்றாள். அவர் போய் உட்கார்ந்தார். அவளே மாட்டினாள். இரண்டு பக்கமும் 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்தினாள். திரை வெளுத்தது. வட்டம் சுற்றியது, சுற்றியது, இன்னும் சுற்றியது. கோப்பு திறந்தபோது மணி மூன்று நாற்பது. படிக்கட்டின் அகலத்தை மாற்றி, கீழே தன் பெயரைச் சரிபார்த்து, மூன்று ஐம்பத்தேழுக்கு அனுப்பினாள். 'வந்து சேர்ந்தது, நன்றி' என்று அவர்களிடமிருந்து பதில் வந்த பிறகுதான் மூன்று பேரும் மூச்சு விட்டோம்.

பிறகு அவள் எழுந்திருக்காமல், லேப்டாப் எதற்காக இவ்வளவு திணறுகிறது என்று தேடினாள். பொத்தானை அழுத்திய உடனே தானாக ஓடத் தொடங்கும் நான்கு நிரல்கள் இருந்தன. நான்கும் கணினியை வேகமாக்குகிறேன் என்று வாக்குக் கொடுப்பவை. நான்கும் இரண்டு மாதம் முன்பு ஒரே நாளில் ஏற்றப்பட்டவை. சகலை ஜன்னல் பக்கம் பார்த்தார். அவள் நான்கையும் நீக்கிவிட்டு அணைத்துப் போட்டாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் திரை வந்து நின்றது.

நாற்காலியிலிருந்து சகலை துள்ளி எழுந்தார். "பார்த்தியாம்மா! ஒரு தடவை ஏறி இறங்கினதும் ரேம் நல்லா உட்கார்ந்துடுச்சு. இதுக்கு மேல ஒண்ணு சேர்த்துப் போட்டா இன்னும் பறக்கும்!" என்றார். மிச்சமிருந்த ஒரு திருகாணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டப்பாவோடு கிளம்பினார்.

அவர் போன பிறகு அவரைத் திட்டித் தீர்க்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன். "அவர் மேல எனக்குக் கோபமே இல்லை. அவர் அப்படித்தான்னு எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "டார்ச் பிடிச்சது யாரு?" அப்போதுதான் என் போனில் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்து அணைத்தேன்.

எதற்காக இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன்? உங்களைச் சுற்றி ஒரு ரேம்காரர் இருக்கிறார், ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லத்தான். 'எங்கள் மாமாதான்', 'எங்கள் ஆபீஸில் ஒருத்தர் இருக்கிறார்' என்று நீங்கள் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? என் மனைவியின் லேப்டாப்பில் எத்தனை ஜிபி இருந்தது என்று இந்தக் கதையில் எங்கேயும் நான் சொல்லவில்லை. படிக்கும்போது நடுவில் எங்காவது அது உங்களை உறுத்தியதா? இப்போதாவது கேட்கத் தோன்றுகிறதா?

அப்படியானால் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வரும்போது பிஸ்கட் டப்பாவை வாசலிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.