தாய்மாமன் கொண்டு வந்த ரோஸ் கேக்

சர்க்கரை வியாதி வந்தவனால் ஊருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வந்த கையோடு திருந்தியும் தொலைக்கிறான் பாருங்கள், அவனால்தான் சுற்றியிருப்பவர்களின் நிம்மதி போகிறது. நான் திருந்தித் தொலைத்த ரகம்.

மகளுக்கு அரியலூரில் ஒரு மண்டபத்தில் காதுகுத்து வைத்திருந்தோம். எங்கள் சொந்தத்தில் இலை போட்டதும் பாதிப் பேர் சட்டைப்பையில் மாத்திரையைத் துழாவுவார்கள். முழுங்கிவிட்டு, "ஜாங்கிரி இன்னொன்னு வைப்பா" என்பார்கள். (வயிறு எரியுமா, எரியாதா?) என் வீட்டு விசேஷத்திலாவது கலர் பொடி, மைதா, பாட்டில் ஜூஸ் எதுவும் வாசலைத் தாண்டக் கூடாதென்று சபதம் போட்டேன். பந்தியில் வரகரிசிச் சோறு, கம்பு லட்டு. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மேளத்தோடு தாய்மாமன் சீர் வந்தது. மச்சானுக்கு ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலை. பழம், பட்டுப்பாவாடை, வளையல் என்று வரிசையாகத் தட்டுகள். நடுவில், ஊரே பார்க்கும்படி, ரோஸ் நிறத்தில் ஒரு ராட்சதக் கேக். பின்னால் பெட்டி பெட்டியாகக் கலர் பாட்டில்.

நான் வாசலில் கையை நீட்டி மறித்தேன்.

"மச்சான், மத்ததெல்லாம் வரட்டும். கேக்கும் பாட்டிலும் வேன்லயே இருக்கட்டுங்க. பச்சப் புள்ளைங்க திங்கிறது. நாளைக்கு அதுங்களும் நம்மளாட்டம் மாத்திர முழுங்கணுமா?"

மேளம் நின்றுவிட்டது.

"எதுங்க மாப்ள வேணாம்? தட்டா, நானா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் போய் வேனில் ஏறிக்கொண்டார்.

சீரைத் திருப்பினால் எங்கள் பக்கத்தில் தாய்மாமனைச் செருப்பால் அடித்த மாதிரி. அது எனக்கும் நன்றாகத் தெரியும். மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. உள்ளே ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார், நல்ல நேரம் ஓடுகிறது, மகள் "மாமா எங்க?" என்று வீறிடுகிறாள். பெரியவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மனைவி வந்தாள். "ஏங்க, எங்கண்ணன் இல்லாம எம்புள்ளைக்குக் காது குத்திருவீங்களா? போயி கூட்டியாங்க. இல்லன்னா நானும் அந்த வேன்லயே போயிடுறேன்."

போனேன். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். மச்சான் என் பக்கம் திரும்பவேயில்லை.

"உங்க கையால கேக்க வெட்டி, மொத துண்ட நீங்க தின்னுங்க. வரேன்."

சபை பார்க்கத் தின்றேன். (சனியன், ருசியாக வேறு இருந்தது!) அடுத்த நிமிடம் குழந்தைப் பட்டாளம் பாய்ந்து மீதியைக் காலி செய்தது. வரகரிசிச் சோற்றைச் சீந்த ஆளில்லை.

ஒருவழியாக மச்சான் மகளை மடியில் வைத்தார். நான் எதிரே கும்பிட்டபடி நின்றேன். வலது காது நல்லபடியாக முடிந்தது. இடது காதில் ஊசி வைக்கும் நேரம் மச்சான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் மீசை, பல், மூக்கு நுனி எல்லாம் ரோஸ். மனிதருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மடி குலுங்கியது, ஊசி கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது.

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். இடது காதுத் தோடு மட்டும் கொஞ்சம் கீழே தொங்கும். யாராவது விசாரித்தால் என்னைக் கை காட்டுவாள்.

"அது எங்கப்பா எல்லாரு உடம்பயும் காப்பாத்துனப்ப குத்துனதுங்க."