எல்லாரும் அமெரிக்கா

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வேலை நிரந்தரமாக வேண்டிய நாளிலாவது அதை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அன்றைக்கு வந்த கோபம் நியாயமானது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன்னுக்குப் பொருளாதாரம் எடுத்தேன். தற்காலிக வேலை. வல்லரசுகளின் பொருளாதாரம், உலகப் பாதுகாப்பு என்று பாடம் நடத்தினால் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். சரி, ஆளுக்கொரு நாடாகி மாதிரி ஐ.நா. கூட்டம் போடலாம் என்றேன் (சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நான்தான்). தாளாளர் குளிர்ந்துபோய், "பேரன்ட்ஸ் முன்னாடி பண்ணுங்க மேடம். நல்லா வந்தா உங்கள பர்மனென்ட் பண்ணிடலாம்" என்றார்.

சீட்டுக் குலுக்கி நாடுகளைக் கொடுத்தேன். மறுநாள் பெற்றோர்கள் பள்ளி வாசலிலேயே மடக்கிவிட்டார்கள்.

"எம் பையனுக்குச் சோமாலியாவா? தி.நகர்ல நகைக்கடை வச்சிருக்கோம் டீச்சர். நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார் ஓர் அப்பா.

"எம் பொண்ணு எம்.எஸ். பண்ண அமெரிக்கா போகப்போறா. அவளைப் போய் ஹைட்டின்னுட்டேளே!" என்றாள் ஒரு மாமி.

"மாமி, இது சும்மா நாடகம் மாதிரி."

"அப்போ நல்ல வேஷமா குடுங்கோ."

தாளாளரிடம் போய்க் கொதித்தேன். "கேக்கறத குடுத்துடுங்க மேடம், அட்மிஷன் நேரம்" என்றார். கொடுத்துத் தொலைத்தேன்.

கூட்டத்தன்று மேடை முழுக்க அமெரிக்கா. ஓரமாக இரண்டு சிங்கப்பூர், ஒரு சுவிட்சர்லாந்து. ஏழை நாட்டுக்குப் போகும் அரிசிக் கப்பலை நடுக்கடலில் மறித்துவிட்டார்கள், என்ன செய்வது என்பதுதான் விவாதம். உதவ எல்லோரும் தயார். பசித்திருக்க ஒரு நாடு இல்லை. வேறு வழியில்லாமல் நானே ஏழை நாடாகி நடுவில் உட்கார்ந்தேன்.

"எங்களுக்கு அரிசி வேணும்" என்றேன். ஒருவனும் திரும்பவில்லை. நிஜ அமெரிக்கா யார் என்று மைக்குக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே அப்பாக்கள் செல்போனில் படம் எடுத்தபடி, "விடாதடா, மைக்க புடி!" என்று கத்தினார்கள்.

மேஜையில் ஓங்கித் தட்டினேன். "அடேய் அமெரிக்கா, உக்காருடா! சிங்கப்பூர், சிரிச்சே, தோலை உரிச்சிடுவேன்! இங்க ஒருத்தி பட்டினி கெடக்கேன், உங்களுக்கு மைக் கேக்குதா?" அதோடு விட்டேனா? பெற்றோர் பக்கம் திரும்பி, "புள்ளைங்கள கெடுக்கறதே நீங்கதான்!" என்றேன்.

ஓர் அமெரிக்கா பவ்யமாக எழுந்தான். "இந்த நாடு உலக அமைதிக்கு ஆபத்தா இருக்கு. கூட்டத்த விட்டு வெளியேத்தணும்னு தீர்மானம் கொண்டு வரேன்."

மேடையில் எல்லாக் கைகளும் உயர்ந்தன. கீழே பெற்றோர்களும் தூக்கினார்கள். முன்வரிசையில் தாளாளரின் கையையும் என் கண்ணால் பார்த்தேன்.

திங்கட்கிழமை அவர் அதை அமல்படுத்தினார்.

இப்போது சைதாப்பேட்டையில் டியூஷன் எடுக்கிறேன். வீட்டில் நான் குரலை உயர்த்தினால் போதும், என் கணவர், "தீர்மானம் கொண்டு வரட்டுமா?" என்பார். மகள் உடனே கை தூக்குவாள். போன வாரமும் அதே கூத்து. "தூக்குங்க, நல்லா தூக்குங்க. நான் வெளியேறிட்டேன். மிச்ச தோசைய அமெரிக்கா வந்து ஊத்தும்" என்று கரண்டியைப் போட்டுவிட்டு ஹாலில் போய் உட்கார்ந்தேன்.

இரண்டு கைகளும் மெதுவாக இறங்கின.