ஊசி தாண்டிய வரி

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் அக்காவும் நலமாகத்தான் இருப்பாள் என்று நம்புகிறேன். ஒரே வீட்டில் இருந்தாலும் நான்கு நாட்களாக அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

எல்லாம் அந்த இசைத்தட்டால் வந்த வினை. கல்யாணத்துக்கு முன்பு உங்கள் அக்கா கோரஸில் பாடிய இசைநாடகத்தை, மேடையில் நடித்தவர்களே பாடிப் பதிவுசெய்த தட்டு. அட்டைப்படத்தில் இடமிருந்து நாலாவதாக, யாரோ ஒருவரின் தொப்பிக்குப் பின்னால் பாதி முகமாக நிற்கிறாளே, அவள்தான். தனியாகப் பாட அவளுக்கு ஒரே ஒரு வரி. கதாநாயகன் “வாசலில் யாரு?” என்று பாட, இவள் “நான்தான், கதவைத் திற” என்று பாட வேண்டும். நாங்கள் குடித்தனம் வந்த புதிதில் நீங்கள் ஊசியைக் கையால் தூக்கி வைத்தீர்களே, அதிலிருந்து சரியாக அந்த இடத்தில் ஊசி தாண்டுகிறது. அவன் யாரென்று கேட்கிறான், டக், கதவு கிறீச்சென்று திறந்துவிடுகிறது. நாற்பது வருஷமாக ஒருத்தி பதிலே சொல்லாமல் உள்ளே வந்துகொண்டிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்தபோது தட்டைப் போட்டேன். ஊசி தாண்டியது. நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் எங்கே சும்மா இருந்தது? “இவ பாடினான்னு இவதான் சொல்றா, சாட்சி கிடையாது”ன்னு சொல்லிட்டேன். சம்பந்தி விழுந்து விழுந்து சிரிச்சார். உங்க அக்கா சிரிக்கலை. டீத் தட்டை மேஜையில வச்சுட்டு உள்ளே போனவதான், அப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. சரி, கீறலையாவது சரிபண்ணலாம்னு ஊசித் தலையில ஒரு நாணயத்தை வச்சேன். இப்ப அந்தப் பாட்டையே முழுசாத் தாண்டிப் போகுது. பற்பசை தேய்ச்சா சரியாகும்னு ரேடியோ ரிப்பேர்காரர் சொன்னார். தேய்ச்சேன். கதாநாயகனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. வீடு பூரா புதினா வாசனை.

விளையாட்டு போகட்டும், மச்சான். அந்த வயதில் அவள் குரல் எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது. நான் அந்த நாடகத்தைப் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு முறை கேட்க வேண்டும், கேட்டுவிட்டு அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்கள் வேலை பார்க்கும் நூலகத்தில் உறைகூடப் பிரிக்காத பிரதி ஒன்று இருப்பதாகச் சொன்னீர்களே, செய்த பாவத்துக்குப் பரிகாரமாக அதை உடனே அனுப்பி வையுங்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். நீங்கள் கை வைக்காத பொருளெல்லாம் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
பேச்சுத்துணை இல்லாத அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் உங்கள் அக்கா இதைப் படித்துவிட்டாள். “பாவம், தம்பியை ஏங்க திட்டுறீங்க? கீறினது நான்தான், ஹேர்பின்னால” என்கிறாள்! பதிவு நாளன்று அவளுக்குச் சளியாம். அந்த வரியை வேறொரு பெண் பாடிவிட்டாளாம். “மேடையில தினமும் நான் பாடின வரிங்க. அதை வேற ஒருத்தி குரல்ல நீங்க கேட்கக் கூடாதுன்னு தோணுச்சு.” ஆகவே தட்டை அனுப்ப வேண்டாம். “அப்ப இப்பவாவது பாடேன்” என்றேன். கூடத்திலிருந்து நான் “வாசலில் யாரு?” என்று இழுக்க, அடுப்படியிலிருந்து பதில் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், சுருதி சேரவில்லை. ஊசி சிக்கிக்கொண்ட மாதிரி நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், அவளும் பாடிக்கொண்டே இருக்கிறாள்.